ஒரு கிலோ நூலுக்கு ஐந்து டி-ஷர்ட்

திருப்பூரில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடத் தெரியாதவரை மெர்ச்சண்டைசர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். துணியைத் தொட்டு ஜி.எஸ்.எம்., அதாவது அதன் கனம், சொல்வது, பையரிடம் இங்கிலீஷில் பேசுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பதாம் நம்பர் கோம்டு நூலில் 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி ஓட்டி, சாயம் போட்டு, காம்பாக்டிங் முடித்து, வெட்டித் தைத்தால், நிட்டிங் சேதாரம், சாயச் சேதாரம், கட்டிங் வேஸ்ட் எல்லாம் கழித்து ஒரு கிலோ நூலுக்கு ஏறக்குறைய ஐந்து டி-ஷர்ட் வரும். நூல் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு ரூபாய் ஏறும். பையர் இரண்டரை டாலருக்கு எடுக்கிற சாதாரண டி-ஷர்ட்டில் கம்பெனிக்கு நிற்பது பத்துப் பன்னிரண்டு ரூபாய். நூல் அறுபது ரூபாய் ஏறிவிட்டால் அந்த ஆர்டரில் ஒன்றும் நிற்காது. அதற்கு மேல் ஏறினால் கைக்காசைப் போட்டுத்தான் கப்பலேற்ற வேண்டும்.

உலகமயம், சுதேசி, உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு என்று மேடைகளில் கேட்ட பெரிய சொற்களையெல்லாம் இந்தக் கணக்கில் வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். ஒரு நாடு இறக்குமதிக்குப் போடுகிற வரி, சுற்றி வந்து அந்த நாட்டின் ஏற்றுமதி மேலேயே விழுகிறது. 1936-லேயே ஆப்பா லெர்னர் என்ற பொருளாதார அறிஞர் இதை நிறுவிக் காட்டியிருக்கிறார் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். எங்களுக்கு அதை நூல் பில் முன்பே சொல்லியிருந்தது.

நான் ஷிப்பிங் கிளார்க்காக இந்தத் தொழிலுக்கு வந்தது கோட்டாக் காலத்தில். எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து எந்த ரகத் துணி வருஷத்துக்கு எத்தனை உருப்படி உள்ளே வரலாம் என்று பணக்கார நாடுகள் அளவு கட்டியிருந்தன. 1974-ல் போட்ட அந்த ஒப்பந்தத்துக்கு மல்டி ஃபைபர் அரேஞ்ச்மெண்ட் என்று பெயர். அமெரிக்காவுக்கு 338, 339 என்றால் பருத்திப் பின்னல் சட்டை. ஐரோப்பாவுக்கு கேட்டகிரி நாலு என்றால் டி-ஷர்ட். எத்தனையோ பையர்களின் பெயர் மறந்துவிட்டது, இந்த நம்பர்கள் மறக்கவில்லை. ஏற்றுமதி வளர்ச்சிக் கழகமான ஏ.இ.பி.சி. இந்தக் கோட்டாவைப் பிரித்துக் கொடுக்கும். பெரும்பகுதி 'பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்', அதாவது முந்தைய வருஷங்களில் எவ்வளவு அனுப்பினார்களோ அதற்குத் தக்கபடி. மிச்சம் கொஞ்சம் முதலில் வருபவருக்கு.

பழைய ஆட்களிடம் கோட்டா இருந்தது, புதிதாகக் கிளம்பியவர்களிடம் ஆர்டர் இருந்தது. ஆகவே கோட்டா விற்பனைக்கு வந்தது. காலையில் போன் எடுத்தால் தங்க விலை மாதிரி அன்றைய கோட்டா விலையைச் சொல்வார்கள். மெஷினை நிறுத்திவிட்டு, உரிமைத் தாளை மட்டும் வருஷம்தோறும் விற்று வசதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். டிசம்பர் 31-க்குள் அனுப்பாவிட்டால் அந்த வருஷக் கோட்டா செத்துவிடும் என்பதால் கடைசி இரண்டு மாதம் ஊரே தூங்காது. ஓர் ஆர்டர் ஷீட் இன்னும் கண்ணில் நிற்கிறது: 'சிங்கர் டெய்லர் கூலி' என்ற வரிக்கு இரண்டு வரி கீழே 'கோட்டா'. இரண்டாவது தொகை பெரியது. துணியைத் தைத்தவருக்குப் போனதைவிட, துணியையே பார்க்காதவருக்குப் போனது அதிகம். அமெரிக்காவின் துணி மில் தொழிலாளியைக் காப்பாற்ற என்று போட்ட ஏற்பாடு, அங்கே அந்த மில்களைக் காப்பாற்றவில்லை. இங்கே தாள் வைத்திருந்தவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

அது வெளியார் எழுப்பிய சுவர். நாமே எழுப்பிக்கொண்ட சுவர் ஒன்றும் இருந்தது. பனியன் உற்பத்தியைச் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மெஷின் முதலீடு ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. இதன் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். காட்டில் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களும், பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்களும் நாலு மெஷின் போட்டு முதலாளியான ஊர் இது. பெரிய மில் முதலாளிகளுக்கு அப்போதே வாசலைத் திறந்திருந்தால் இதில் பாதிப் பேர் தலையெடுத்திருக்க முடியாது. ஆனால் தலையெடுத்தவர் அதற்கு மேல் வளரவும் முடியவில்லை. வரம்பைத் தொட்டதும் மச்சான் பெயரில் ஒரு கம்பெனி, சம்சாரம் பெயரில் ஒரு கம்பெனி, தம்பி பெயரில் இன்னொன்று. ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து போர்டு, ஐந்து கணக்குப் புத்தகம், ஐந்து கரண்ட் கனெக்‌ஷன். வெளிநாட்டிலிருந்து பையர் வந்தால் எந்தக் கம்பெனிக்கு ஆர்டர் போடுவது என்று அவருக்கே புரியாது. பின்னலாடை இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2005-ல்தான்.

மெஷின் கதையும் இப்படியே. 1991-க்கு முன் இந்தியாவின் உச்ச இறக்குமதி வரி 300 சதவீதத்துக்கும் மேல். நல்ல ஜெர்மன், ஜப்பான் மெஷினை நினைத்துப் பார்க்கத்தான் முடியும். இருந்தது உள்நாட்டு வட்டப் பின்னல் மெஷின்களும், எங்கோ கழித்துப் போட்டுக் கப்பலில் வந்த பழையதுகளும். அந்தத் துணியை செக்கிங் டேபிளில் லைட்டுக்கு மேலே விரித்தால் நீளவாக்கில் ஊசிக்கோடு ஓடும். ஒரு துவைப்புக்குப் பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்து நிற்கும். பையரின் க்யூ.சி. ஆள் சட்டையைத் தரையில் விரித்து, முறுக்கிய தையலை விரலால் காட்டி, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பெட்டிக்குப் போவார். முழு லாட்டும் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குத் தள்ளுபடியில் போகும். உள்நாட்டு மெஷின் தயாரிப்பாளரைக் காக்கப் போட்ட வரி எங்கள் துணியில் கோடாகத் தெரிந்தது என்றால் மிகையில்லை.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அந்த வருஷ பட்ஜெட்டில் உச்ச வரி 150 சதவீதத்துக்கு இறங்கியது. அதன்பிறகு படிப்படியாக, 2007 வாக்கில் பெரும்பாலான தொழிற்பொருள்களுக்கு 10 சதவீதம். ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்தால் குறைந்த வரியில் மெஷின் எடுக்கலாம் என்ற ஈ.பி.சி.ஜி. திட்டமும் வந்திருந்தது. அவினாசி ரோட்டிலும் பி.என். ரோட்டிலும் மரப்பெட்டி மரப்பெட்டியாக மெஷின்கள் இறங்கின. புது மெஷினில் ஓடிய முதல் ரோல் துணியைத் தொட்டுப் பார்க்கவே பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். 1985 வாக்கில் பதினைந்து கோடி ரூபாயை ஒட்டி இருந்த திருப்பூரின் ஏற்றுமதி, இப்போது 40,000 கோடி ரூபாய் அளவில் நிற்கிறது. இந்த ஊரின் உழைப்பு அதற்கு முன்பும் இதே உழைப்புதான். கையில் கொடுக்கப்பட்ட கருவி மாறியது.

அந்தத் தொண்ணூறுகளில் ஊரின் சுவரெல்லாம், உலக வியாபாரத்தைத் திறந்துவிடச் சொன்ன டங்கல் திட்டத்தை எதிர்க்கும் எழுத்துகள். காட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே, நாட்டை விற்காதே என்று சிவப்பு மையில் இருக்கும். எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த சங்கத்துக்காரர் ஒருவரோடு டீக்கடையில் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த ஸ்டிரைக்கில் நின்றவர்.

"கோட்டா போனா சைனாக்காரன் வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிருவான். அப்புறம் நீங்களும் நானும் மறுபடி மாடு மேய்க்கத்தான் போகணுங்க" என்பார்.

அவர் பயம் வெறும் பயமில்லை. உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். 1994 ஏப்ரலில் மராகேஷில் அந்த காட் ஒப்பந்தம் முடிந்தது. பத்து வருஷத்தில் படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி 1-ஆம் தேதி கோட்டா முழுக்க ஒழிந்தது. சைனா அள்ளத்தான் செய்தது. சில மாதத்திலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைனாவுக்கு மட்டும் மறுபடி அளவு கட்டின. ஆனால் திருப்பூர் அழியவில்லை. கோட்டாத் தாள் விற்றுக்கொண்டிருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள். தைத்தவர்கள் வளர்ந்தார்கள்.

உலக வியாபாரத்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு குறை இருந்தது. அதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. "ஆத்தைப் பாருங்க" என்பார். நொய்யல் சாயத்தண்ணீராக ஓடியது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் காடும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் ஸ்தம்பித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு சரியானது. பாரிஸில் மலிவாக விற்ற சட்டையின் மீதி விலையை ஈரோடு, கரூர்ப் பக்கத்து விவசாயி கட்டிக்கொண்டிருந்தார். உலகச் சந்தைமேல் கோபப்படுகிறவர்கள் இதைச் சொன்னால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். அதற்கு மருந்து சட்டமும், சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரியும். துறைமுகத்தில் வரி போட்டு நொய்யலைச் சுத்தப்படுத்த முடியாது.

இனி பங்களாதேஷ். திருப்பூரில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு பெருமூச்சு வரும். 1979-ல் அங்கே தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற கம்பெனி கொரியாவின் டேவூ கம்பெனியோடு சேர்ந்து 130 பேரைக் கொரியாவுக்குத் தையல் பழக அனுப்பியது. கொரியாவுக்குக் கோட்டாத் தட்டுப்பாடு, பங்களாதேஷுக்கு அப்போது கட்டுப்பாடு இல்லை என்பதால் கொரியாக்காரர்கள் வந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பி வந்து, பிறகு தனியாகக் கம்பெனி வைத்தார்கள் அல்லது வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். இதைவிட முக்கியமானது இரண்டு ஏற்பாடு. ஏற்றுமதிக்காரர் துணியை வரி கட்டாமல் இறக்கி, பூட்டிய குடோனில் வைத்துத் தைத்து அனுப்பலாம். பையரின் எல்.சி.யை, அதாவது பேங்க் கடன் உறுதிக் கடிதத்தை, காட்டியே துணி வாங்க இன்னொரு எல்.சி. திறக்கலாம், கையில் காசு வேண்டாம். பருத்தி அதிகம் விளையாத அந்த நாட்டில் எந்த நாட்டுத் துணியும் எந்த நாட்டு நூலும் தடையின்றித் தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்தன. போதாததற்கு 2001-லிருந்து ஐரோப்பாவில் அவர்கள் சரக்குக்கு வரியே இல்லை, நமக்கு 9.6 சதவீதமாக இருந்தது. இன்று அவர்கள் ஆயத்த ஆடை ஏற்றுமதி வருஷத்துக்கு 4,000 கோடி டாலரை நெருங்கி நிற்கிறது. பருத்தி, நூல், சாயம், தையல் எல்லாமே கையில் வைத்திருக்கிற இந்தியா 1,600 கோடி டாலர்.

டாக்காவில் ஒரு கம்பெனியைப் பார்க்கப் போனபோது எனக்கு அவர்கள் கட்டடம் பிரமிப்பாக இல்லை, மெஷினும் நம்மிடம் இருப்பது போன்றதே. ஸ்டோரில் இருந்த துணி ரோல்களின் லேபிளைப் படித்துக்கொண்டே நடந்தேன். சைனா, இந்தியா, இந்தோனேஷியா, பாகிஸ்தான். நம்முடைய நூல் அங்கே நம்மைவிடத் தாராளமாகக் கிடைத்தது. அங்கே லைனில் இருந்த பெண்களின் சம்பளம் குறைவு என்பது உண்மை. 2013-ல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்ததும் உண்மை. அதை யாரும் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆர்டர் அங்கே போனதற்குக் கூலி மட்டும் காரணம் என்று இங்கே சொல்லிக்கொள்வதை நான் ஏற்றதில்லை.

நூல் விஷயத்தில் நாங்களும் யோக்கியர்கள் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2010-ல் நூல் விலை ஏறியபோது, வெளிநாட்டுக்கு நூல் போகக் கூடாது என்று திருப்பூரே கடையடைத்துக் கோஷம் போட்டது. அரசாங்கம் நூல் ஏற்றுமதிக்கு அளவு கட்டியது. மில்கள் விலை ஏறும் என்று வாங்கிக் குவித்த பஞ்சோடு மாட்டிக்கொண்டன. 2011-ன் தொடக்கத்தில் 60,000 ரூபாயைத் தாண்டியிருந்த ஒரு கண்டி பஞ்சு சில மாதத்தில் சரிய, பல்லடம், கோயம்புத்தூர்ப் பக்கம் எத்தனையோ மில்கள் கடனில் விழுந்தன. 2012 மார்ச் 5-ஆம் தேதி பஞ்சு ஏற்றுமதிக்கே தடை. குஜராத் விவசாயிகள் கொதித்ததும் ஒரு வாரத்துக்குள் பின்வாங்கினார்கள். பஞ்சு விற்கிறவர், நூல் நூற்கிறவர், துணி தைக்கிறவர் மூன்று பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு டெல்லிக்கு மனு எழுதினோம். எந்தச் சங்கத்தின் குரல் டெல்லியில் அந்த மாதம் பலமாகக் கேட்கிறதோ அவர்களுக்குச் சாதகமாக வாசல் திறக்கும், மற்றவர்களுக்கு மூடும். தொழில் செய்கிறவன் மெஷின் பார்ப்பதை விட்டுவிட்டு டெல்லி பிளைட் பிடிக்கப் பழகிவிடுகிறான். வரியும் தடையும் செய்கிற கேட்டில் இதை நான் பெரிதாகச் சொல்வேன்.

2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீதம் வரி போட்டார்கள். விவசாயிக்காக என்றார்கள். நம் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதில் திருப்பூரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எங்களில் பலர் இன்னும் காடு வைத்திருப்பவர்கள். ஆனால் அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். வெளிநாட்டுப் பஞ்சு 11 சதவீதம் ஏறினால், உள்ளூர்ப் பஞ்சு வைத்திருப்பவரும் அந்த விலை வரைக்கும் ஏற்றலாம். ஏற்றுகிறார். விவசாயி பருத்தி எடுப்பு முடிந்த கையோடு, தை மாசி வரைக்குமே விற்றுவிடுகிறார், கடன்காரர் காத்திருப்பார். விலை உச்சத்துக்குப் போகிற சித்திரை, வைகாசியில் பஞ்சு இருப்பது வியாபாரியின் குடோனில். இதில் இன்னொன்று, மிக நீளமான இழைப் பஞ்சு நம் நாட்டில் மிகக் குறைவாகவே விளைகிறது. சுபிமா பஞ்சுதான் வேண்டும் என்று பையர் லேபிளோடு கேட்டால் அதை அமெரிக்காவிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். இங்கே யாரும் போட்டிக்கு விளைவிக்காத பஞ்சுக்கும், 2022-ல் சில மாதம் நிறுத்தியது தவிர, மூன்று வருஷம் அதே 11 சதவீதம் கட்டினோம். 2024 பிப்ரவரியில்தான் அதை மட்டும் எடுத்தார்கள்.

2022 மே மாதம் மறக்காது. கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உலகம் முழுக்கவே பஞ்சு ஏறிய வருஷம் அது, எல்லாப் பழியையும் வரிமேல் போட மாட்டேன். ஆனால் ஏப்ரல் நடுவில் தற்காலிகமாக நிறுத்தும் வரைக்கும் அந்த 11 சதவீதமும் விலையில் சேர்ந்தே இருந்தது. 2020-ல் 200 சில்லறையில் வாங்கிய நூல் 400-ஐத் தாண்டியது. டிசம்பரில் விலை பேசி முடித்த ஆர்டரை மே மாதம் தைக்கிறோம். முதல் பத்தியில் சொன்ன கணக்குப்படி, கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் சட்டைக்கு 20 ரூபாய் செலவு ஏறும். "நூல் ஏறிப்போச்சு, அரை டாலர் சேர்த்துக் கொடுங்கள்" என்று எழுதினால், வியட்நாமில் ஏறவில்லையே என்று பையர் ஒரு வரியில் பதில் போட்டார். மே 16, 17 தேதிகளில் ஊர் முழுக்க இரண்டு நாள் கதவடைத்தோம். தாராபுரம் ரோட்டில் முப்பது மெஷின், நாற்பது மெஷின் என்று ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு ஷட்டரைத் திறக்கவேயில்லை. ஒரு மில் நூறு பேருக்கு வேலை கொடுத்தால், அந்த நூலைத் தைத்து அயர்ன் பண்ணிப் பெட்டி கட்ட அதைப்போல் பல மடங்கு ஆள் வேண்டும். மேலே நூறு பேரைக் காப்பாற்றக் கீழே ஆயிரம் பேர் தலையில் கை வைப்பது என்ன கணக்கு என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

விஸ்கோஸ் அதைவிட மோசம். பெண்கள் உடையில் விஸ்கோஸுக்கு ஐரோப்பாவில் நல்ல ஓட்டம். துணி கையில் வழுக்கிக்கொண்டு விழும். பருத்தியில் அந்தத் தொங்கல் வராது. 2023 மார்ச் 29-லிருந்து விஸ்கோஸ் பஞ்சுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பெயர் தரம், வேலை தடை. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒவ்வொன்றும் நம் பி.ஐ.எஸ். தரச் சான்று வாங்கினால்தான் சரக்கு இறங்கும் என்றாகிவிட்டது. உள்நாட்டில் இந்தப் பஞ்சைத் தயாரிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பையர், காட்டை அழிக்காமல் எடுத்த மரக்கூழில் செய்த இன்ன கம்பெனிப் பஞ்சு என்று பெயர் குறிப்பிட்டு, டேக்கில் அச்சடித்துக் கேட்டார். தரத்தில் உலகம் ஒப்புக்கொண்ட பஞ்சு அது. நூல் தரும் மில்காரரைக் கூப்பிட்டேன்.

"இருக்கிற ஸ்டாக் இந்த மாசத்தோட சரிங்கண்ணா. அடுத்த கண்டெய்னர் வருமான்னு எனக்கே தெரியல. வேற ஏதாவது பார்த்துக்குங்க" என்றார்.

பெரிய கம்பெனிகள் ஏற்றுமதிக்கான அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற அனுமதி எடுத்து வெளிநாட்டிலிருந்து நேராக இறக்கிக்கொள்ளலாம் என்று டெல்லியில் சொல்வார்கள். இந்த ஆணைக்கு அந்த விலக்கே பிற்பாடுதான் வந்தது. வந்தாலும், எழுபது மெஷின் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் நூலை மூட்டைக் கணக்கில் உள்ளூர் வியாபாரியிடம் கடனுக்கு வாங்குகிறோம். எங்களுக்கு ஒரு கண்டெய்னர் நூல் ஆறு மாதச் சரக்கு. லைசென்ஸ், பாண்டு, பேங்க் கியாரண்டி, இத்தனை கிலோவுக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு, கடைசியில் அதை முடித்து வாங்கும் சான்று என்று அதற்கென ஓர் ஆளையே வைக்க வேண்டும். எந்தத் தடையிலும் ஏற்றுமதியாளருக்கு விலக்கு என்று ஒரு வாசகம் இருக்கும்; அந்த வாசகம் பெரியவர்களுக்கு மட்டுமே பயன்படும். ஆடை சாம்பிள் அனுப்பி ஓ.கே. ஆகியிருந்த இரண்டு ஸ்டைலையும் அந்த சீசனில் பையர் துருக்கிக்கு மாற்றினார். அதற்காக எங்களிடம் அவர் வருத்தம் தெரிவித்து எழுதிய மெயில் மரியாதையாகவே இருந்தது.

இப்படி எங்கள் பக்கத்திலேயே சுவர்கள் இருக்க, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா தன் சுவரை எழுப்பியது. 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருந்தது. மொத்தம் 66.5 ஆனது. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் கூடுதல் வரி அப்போது 20 மட்டுமே. திருப்பூர் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு போகிற சந்தை அது. தைத்துப் பெட்டி கட்டியதை 27-க்கு முன் துறைமுகம் சேர்க்க லாரிகள் தூத்துக்குடிக்கு ஓடின. வெட்டாத துணியை அப்படியே வை என்று மெயில்கள் வந்தன. கூடுதல் வரியில் பாதியை நீ ஏற்றுக்கொள் என்று கேட்டவர்களும் உண்டு. பத்து ரூபாய் நிற்கிற இடத்தில் ஐம்பது அறுபது ரூபாயை எங்கிருந்து ஏற்பது? எங்கள் யூனிட்டில் அமெரிக்க வேலை குறைவு, ஆனாலும் அக்கம்பக்கத்து வேலை இல்லாத ஆட்களெல்லாம் வந்து கேட்டதில் நிலைமை புரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், ஓவர்லாக் நன்றாகப் போடுவான், தினமும் சாயங்காலம் கேட்பான்: "அண்ணா, சண்டே வேலை இருக்கா?" ஒன்றரை ஷிப்ட் கிடைத்தால்தான் ஊருக்குப் பணம் அனுப்ப முடியும். ஒரு ஷிப்ட் சம்பளம் இங்கே ரூம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகப் போகும்.

அமெரிக்காவில் இந்த வரிக்குக் கை தட்டியவர்களைப் புரிந்துகொள்ள நான் முயன்றிருக்கிறேன். வட கரோலைனாவில் கன்னாபொலிஸ் என்று ஒரு மில் ஊர். 2003 ஜூலையில் அங்கே பில்லோடெக்ஸ் மில் மூடி, ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். துவாலையும் படுக்கை விரிப்பும் நெய்த ஊர். மூன்று தலைமுறை ஒரே மில்லில் இருந்தவர்கள். பனியன் கம்பெனி மூடிய வீட்டைப் பார்த்தவனுக்கு அந்த வலி தெரியாமல் இருக்காது. அவர்களுக்கு அவர்கள் நாடு வேறு வேலையும் பயிற்சியும் வைத்தியச் செலவும் கொடுத்திருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யாமல், இருபது வருஷம் கழித்து ஒடிசாப் பையனின் ஞாயிற்றுக்கிழமைக் கூலியில் கை வைத்தால் கன்னாபொலிஸில் ஒரு தறிகூட மறுபடி ஓடாது. இன்னொரு பக்கம், பஞ்சு விளைவிக்கத் தன் விவசாயிகளுக்கு அமெரிக்கா கொடுத்த மானியம் விதிமீறல் என்று பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் பேசினார்கள். மாலி, புர்கினா ஃபாஸோ விவசாயிகளுக்கு அந்தப் பணமும் இல்லை, நியாயமும் இல்லை.

அந்த ஆகஸ்ட் மாதம் திருப்பூரில் ஆத்திரம் கொஞ்சமில்லை. அமெரிக்கப் பொருளைப் புறக்கணிப்போம், பதிலுக்கு நாமும் வரி போடுவோம் என்று வாட்ஸ்ஆப் குரூப்புகள் நிரம்பின. ஏற்றுமதியாளர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பேச வாய்ப்பு வந்தபோது, அவர்கள் சுவரை நம்மால் இடிக்க முடியாது, நம் கையில் இருப்பது நம்முடைய சுவர்கள்தான், அவற்றை இடிக்கச் சொல்லிக் கேட்போம் என்றேன். கேட்டோம். ஆகஸ்ட் 19-ல் பஞ்சு இறக்குமதி வரியை நிறுத்தி, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நவம்பரில் பாலியெஸ்டர், விஸ்கோஸ் தரக் கட்டுப்பாட்டு ஆணைகளையும் எடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காக மனு எழுதியும் அசையாதது, வெளியிலிருந்து அடி விழுந்ததும் மூன்று மாதத்தில் அசைந்தது. பருத்தி விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு: ஹெக்டேருக்கு 450 கிலோ பஞ்சு எடுப்பவரை, பிரேசிலில் நாலு மடங்கு எடுப்பவரோடு மோதவிடுகிறோம். நல்ல விதை, தண்ணீர், காலத்தில் கொள்முதல் என்று அரசாங்கம் அவருக்கு நேராகக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கட்டும். என் காஸ்டிங் ஷீட் வழியாகச் சுற்றிக் கொடுத்தால் அவர் கைக்கு எதுவும் போய்ச் சேராது.

இன்னும் மிச்சமிருக்கிறது. உலகம் உடுத்துவதில் பாதிக்கு மேல் இப்போது செயற்கை இழை. விளையாட்டு உடை, ஜிம் உடை எல்லாம் அதில்தான். அந்தப் பின்னல் துணியைச் சைனாவும் தைவானும் செய்கிற நேர்த்திக்கு இங்கே இன்னும் சில வருஷம் ஆகும். 2025 பட்ஜெட்டில் பல ரகப் பின்னல் துணிக்கு இறக்குமதி வரியை 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது என்று ஆக்கினார்கள். கிலோ மூன்று டாலர் துணிக்கு 115 ரூபாய் என்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல். டென்மார்க் பையர் ஒருவர் ஜாகிங் டைட்ஸ் சாம்பிள் கேட்டிருக்கிறார். ஆர்டர் பெரிது இல்லை, இரண்டாயிரம் உருப்படி. ஆனால் இப்படித்தான் ஒரு லைன் தொடங்கும். துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, அந்த வரியைக் கட்டியே காஸ்டிங் போட்டிருக்கிறேன். ஒரு உருப்படிக்கு இருபது சென்ட் அதிகம் வருகிறது. விலை அனுப்பியாகிவிட்டது, சங்கத்தின் மனுவும் டெல்லிக்குப் போயிருக்கிறது. ஏப்ரலுக்குள் துணி இறங்கினால்தான் அவர்களுடைய இலையுதிர் சீசனைப் பிடிக்க முடியும்.